கூட்டுத் தொட்டியில் குழல்மீன்

வண்ண மீன் வளர்ப்பு சிறு உழவர்களுக்கு ஏற்ற துணைத் தொழில்களுள் ஒன்றாகும். கிணற்றடியில் நான்கைந்து சிமெண்டுத் தொட்டிகள், நிழலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல், காற்று ஊதும் சிறு மோட்டார் ஒன்று. இவ்வளவு இருந்தால் கப்பி, மோலி, தங்கமீன் போன்றவற்றை வளர்த்து விற்கலாம். சென்னை கொளத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பல குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன.

மீன் வாங்க வருவோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த மீனோடு அந்த மீனைச் சேர்த்து விடலாமா?" என்பதே அது. "சண்டை போடாது, தாராளமாக விடலாம்" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். ஒரு மாதம் கழித்து அவரே திரும்பி வந்து, "நோயும் இல்லை, காயமும் இல்லை, மீன் மட்டும் செத்துப் போய்விட்டது" என்பார். உடனே தண்ணீரின் மீது பழி விழும். ஏதாவது ஒரு மருந்து கைமாறும். அடுத்து வாங்கிய மீனும் அதே வழியில் போகும்.

இத்தகைய சாவுகளில் கணிசமானவை பட்டினிச் சாவுகளே. நாள்தோறும் தீவனம் இட்டுவரும் தொட்டியிலேயே ஒரு மீன் பட்டினி கிடந்து சாகக்கூடும். இதைத் தெளிவாக விளக்குவதற்குக் குழல்மீனைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இது கடல் மீன். அயல்நாடுகளில் பவளப்பாறைத் தொட்டி அமைப்போர் இதை விரும்பி வளர்க்கின்றனர். நம் நாட்டில் இதைப் பிடிக்கவோ விற்கவோ சட்டம் இடந்தராது. அதைப் பின்னர் விரிவாகக் கூறுகிறேன். ஆகவே குழல்மீன் வளர்த்துப் பணம் பண்ணும் வழி இக்கட்டுரையில் இல்லை. ஆனால் குழல்மீனைப் பிற மீன்களோடு வைத்துக் காப்பாற்றக் கற்றவர்கள் கண்டறிந்த முறைகள் நம் தொட்டிகளுக்கும் பொருந்தும்.

உழவியல் கற்பிப்பவருக்கு மீன்தொட்டியில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஒரே பாத்தியில் இரு பயிர்களை வைத்து இரண்டையும் விளைவிப்பது எங்கள் பாடம். ஒரே தொட்டியில் இருவகை மீன்களை வைப்பதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

குழல்மீனின் உடலமைப்பு

ஆங்கிலத்தில் 'பைப் பிஷ்' எனப்படும் இம்மீனின் வாய் நீண்ட குழல் போன்றிருப்பதால் குழல்மீன் என்று இங்கே குறிப்பிடுகிறேன். கடற்குதிரையும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடற்குதிரையைப் பிடித்து நேராக நீட்டிவிட்டாற்போல் இருக்கும். இக்குடும்பத்தில் சுமார் 300 இனங்கள் உள்ளன. பென்சில் அளவுக்கும் மெலிந்த உடல். அதன் மேல் செதில்களுக்குப் பதிலாக எலும்பு வளையங்கள், கணுக்கணுவாகக் கரும்பைப் போல. முட்டைகளைச் சுமப்பது ஆண் மீன். பெண் மீன் இடும் முட்டைகளை ஆண் தன் அடிவயிற்றிலோ வாலின் அடியிலோ ஏந்திக்கொண்டு, குஞ்சு பொரிக்கும் வரை சுமந்து திரியும். இந்த விந்தையைப் படித்துவிட்டு ஆசைப்பட்டு வாங்குவோரே அதிகம். மீனைக் காப்பாற்ற விரும்புவோர் அறியவேண்டியவை வேறு.

முதலாவது, இதற்குப் பல் கிடையாது. இரையைக் கடித்துத் துண்டாக்க இயலாது. குழல் வாயின் துவாரத்திற்குள் அடங்கும் சிற்றுயிர்களை மட்டுமே, அதுவும் முழுதாக, உறிஞ்சி விழுங்கும். இரண்டாவது, இதற்கு இரைப்பை இல்லை. மாடு வயிறு நிரம்ப மேய்ந்துவிட்டு நிழலில் படுத்து அசைபோடுகிறது. குழல்மீனிடம் அப்படிச் சேமித்து வைக்கும் பை எதுவும் இல்லை. உண்டது குடலில் விரைவாக நகர்ந்து வெளியேறிவிடும். எனவே பகல் முழுவதும் சிறுகச் சிறுக உண்டுகொண்டே இருத்தல் வேண்டும். மூன்றாவது, நீந்தும் வலிமை குறைவு. பெரும்பாலும் முதுகுத் துடுப்பை விசிறி போல் அசைத்தே நகர்கிறது. நான்காவது, அதன் உண்ணும் முறை. இரைக்குப் பின்னால் பாய்ந்து ஓடாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே திருப்பி இரையை உற்றுப் பார்க்கும். மெல்லத் தலையை அருகே கொண்டுபோகும். பிறகு கண்ணிமைக்கும் நேரத்திற்குள் உறிஞ்சிவிடும். உறிஞ்சுவது மின்னல் வேகம். ஆனால் அதற்கு முன் பார்த்து, எடைபோட்டு, முடிவு செய்ய அது எடுத்துக்கொள்ளும் நேரந்தான் அதற்குப் பகை.

சண்டையைவிடப் பசி கொடியது

குழல்மீன் இருக்கும் தொட்டியில் கோமாளி மீன் இரண்டும், 'டாம்சல்' எனப்படும் நீலநிறச் சிறுமீன்கள் மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் தீவனம் விழுகிறது. டாம்சல்கள் பாய்ந்து நீர்ப்பரப்பிலேயே பாதியை விழுங்குகின்றன. கோமாளி மீன்கள் மீதியை நடுத்தண்ணீரில் பிடிக்கின்றன. குழல்மீன் ஒரு துணுக்கைத் தேர்ந்து அதை நோக்கித் தலையைத் திருப்புகிறது. குறுக்கே ஒரு டாம்சல் வந்து அதை எடுத்துக்கொள்கிறது. குழல்மீன் அடுத்த துணுக்கைத் தேடுகிறது. இரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். யாரும் யாரையும் கடிக்கவில்லை, துரத்தவில்லை. பார்ப்பவருக்கு மீன்களெல்லாம் ஒற்றுமையாக இருப்பதாகத் தோன்றும். குழல்மீனுக்குக் கிடைத்தது ஒரு வாயோ இரண்டு வாயோ.

ஆட்டுப்பட்டி வைத்திருப்போருக்கு இது புதிதல்ல. ஒரே தொட்டியில் தீனி போட்டால் கொழுத்த கிடா வயிறு முட்டத் தின்னும். ஓரமாக நிற்கும் மெலிந்த ஆடு மேலும் மெலியும். ஆனால் ஆட்டின் விலா எலும்பு நம் கண்ணுக்குத் தெரியும்; தனியே பிரித்துக் கட்டிவிடுவோம். குழல்மீனின் எலும்பு வளையங்கள் உடலை விறைப்பாகப் பிடித்திருப்பதால் மெலிவு சட்டென்று புலப்படாது. வெளிச்சட்டகம் அப்படியே நிற்க உள்ளே சதை கரையும். அடிவயிறு உட்குழிந்திருப்பதை நாம் கவனிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வாரக்கணக்கில் நீளும் சாவு இது. ஆதலால்தான் நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று செத்துவிட்டது என்ற பேச்சு எழுகிறது.

ஊடுபயிர்க் கணக்கு

மானாவாரி நிலக்கடலையில் துவரையை ஊடுபயிராக இடுவது நம் உழவர்கள் நன்கு அறிந்த முறை. இரண்டும் ஏன் ஒத்துப்போகின்றன? துவரை முதல் இரண்டு மாதங்களில் மெதுவாக வளரும். அதற்குள் நிலக்கடலை படர்ந்து, பூத்து, காய் பிடித்துவிடும். கடலையைப் பிடுங்கிய பின் கிடைக்கும் இடத்தில் துவரை கிளைத்துப் பரவுகிறது. துவரையின் ஆணிவேர் ஆழத்தில் ஈரம் தேடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே பொருளுக்குப் போட்டியிடுவதில்லை. மாறாக, வேகமாக வளரும் சோளத்தை நெருக்கமாக விதைத்து நடுவே குட்டையான பயிர் ஒன்றை வைத்தால் அது நிழலில் வெளிறிப் போகும். சோளம் அதன்மேல் பகைமை கொள்ளவில்லை. வெளிச்சத்தை முந்திக்கொண்டது, அவ்வளவே.

குழல்மீனுக்குத் துணை தேடும்போதும் இக்கேள்விகளையே கேட்டல் வேண்டும். துணை மீன் எந்த இடத்தில் உண்ணும்? எந்த வேகத்தில்? எந்த அளவு இரையை? குழல்மீன் உண்ணும் அதே இரையை, அதே மட்டத்தில், அதைவிட வேகமாக உண்ணும் மீன் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் உதவாது.

இந்த அளவுகோலால் பார்த்தால் பட்டியல் தானாகவே பிரிந்துவிடும். டாம்சல், கோமாளி மீன், பாறைகளிடையே விரைந்தோடும் 'ராஸ்' வகைகள், தொட்டி முழுவதும் சுற்றிவரும் 'டாங்' வகைகள் ஆகியவை வேண்டாம். கிளாத்தி வகை மீன்களைச் சொல்லவே வேண்டியதில்லை. அவை குழல்மீனையே கடித்துப் பார்க்கும். பெரிய நண்டுகளும் ஆகா. இரவில் குழல்மீன் அசையாமல் பாறையோரம் தங்கும்போது நண்டின் கொடுக்குக்கு எளிதில் எட்டிவிடும்.

தரையோடு வாழும் சிறு உளுவை வகைகள் நல்ல துணை. இவை மணலருகே தம் வளைவாயிலில் அமர்ந்து, தம்மிடம் வந்து சேரும் இரையை எடுக்கும். அமைதியான கார்டினல் மீன்களும் பொருந்தும். அவை பெரும்பாலும் இருட்டிய பின் இரை தேடுபவை. பகலில் ஓரிடத்தில் கூட்டமாக நின்றுகொண்டிருக்கும். பகலில் மேயும் குழல்மீனுக்கு இது வசதி.

இங்கே ஒரு நுட்பம். 'மாண்டரின்' என்றொரு மீன் உண்டு. பட்டுத்துணியில் சித்திரம் தீட்டினாற்போல் அழகு. குணமும் மிகச் சாது. மெதுவாகப் பொறுக்கித் தின்னும். குழல்மீனுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்று பலர் முடிவு கட்டுவர். ஆனால் இரண்டுக்கும் இரை ஒன்றே. பாறைகளில் ஊரும் 'கோபிபாடு' என்னும் கண்ணுக்குச் சிறிதே தெரியும் உயிர்களைத்தான் இரண்டும் நாள் முழுதும் பொறுக்குகின்றன. சிறிய தொட்டியில் இரண்டையும் விட்டால் சில வாரங்களில் பாறை வெறிச்சோடிவிடும். பிறகு இரண்டும் சேர்ந்து மெலியும். ஒரே குணமுள்ளவை ஒத்துப்போகும் என்று எண்ணுவது இயல்பு. மேய்ச்சல் நிலம் குறைவாக இருக்கும்போது ஒரே குணமே இடைஞ்சலாகிறது. பெரிய, நன்கு முதிர்ந்த தொட்டியில் மட்டுமே இவ்விரண்டையும் சேர்த்து வைக்கலாம்.

எல்லாக் குழல்மீனும் ஒன்றல்ல

குழல்மீன்களை வளர்ப்போர் அவற்றை வசதிக்காக இரு கூட்டமாகப் பிரிப்பர். ஒரு கூட்டத்தின் வால் சிறு கொடி போல் விரிந்திருக்கும். இவை தரையைத் தொடாமல் பாறைக் குகைகளின் வாயிலில் மிதந்து நிற்பவை. செம்மஞ்சள் உடலில் நீலக்கோடு ஓடும் ஓர் இனமும், புலிக்கு இருப்பது போல் குறுக்கு வரிகள் கொண்ட இனமும் இதில் பெயர் பெற்றவை. நீலக்கோட்டு இனம் விரல் நீளமே இருக்கும். வரி இனம் ஒரு சாண் வரை வளரும். இவை சற்றே சுறுசுறுப்பானவை. நீரில் மிதந்து வரும் இரையை எடுப்பதால் கூட்டுத் தொட்டியில் பிழைக்கும் வாய்ப்பு இவற்றுக்குத்தான் அதிகம். மாட்டின் முதுகில் அமர்ந்து உண்ணி பொறுக்கும் மைனாவைப் போல, நீலக்கோட்டு இனம் பிற மீன்களின் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுப்பதும் உண்டு. ஆனால் இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் தமக்குள்ளேயே சண்டையிடும். ஆணும் பெண்ணுமாக ஓர் இணையே வைத்தல் நன்று.

இரண்டாவது கூட்டம் தரையிலும் பாறையிலும் பாம்பு போல் நெளிந்து ஊர்வது. முகம் கற்பனைப் பறவைநாகத்தைப் போலிருப்பதால் 'டிராகன் முகம்' என்று வணிகத்தில் அழைப்பர். கோபிபாடு பொறுக்குவதே இதன் முழுநேர வேலை. உறைய வைத்த தீவனத்திற்கு இது எளிதில் பழகாது. போட்டி துளியும் இல்லாத தொட்டியே இதற்கு ஏற்றது.

தொட்டி அமைப்பும் பவளத்தின் கொட்டும்

கடல்நீர்த் தொட்டி அமைக்கும் முறை முழுவதையும் இங்கு எழுத இடமில்லை. குழல்மீனுக்கென்று சிறப்பாகக் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் கூறுகிறேன்.

ஓர் இணைக்குச் சுமார் 120 லிட்டர் கொள்ளளவாவது வேண்டும். வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை. தொட்டி அமைத்து குறைந்தது ஆறு மாதங்கள் கடந்திருத்தல் நலம். புதுத் தொட்டி என்பது புதிதாகத் திருத்திய கரட்டு நிலம் போன்றது; மண்ணில் உயிரோட்டம் இராது. பாறைகளில் பாசி படிந்து, அதில் கோபிபாடுகள் பெருகிய பின்னரே குழல்மீனை விடுதல் வேண்டும். இரவில் விளக்கணைத்துச் சற்று நேரம் கழித்துக் கைவிளக்கால் கண்ணாடியைப் பார்த்தால் வெண்புள்ளிகள் ஊர்வது தெரியும். தெரியவில்லையென்றால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

பவளப்பாறைத் தொட்டி என்ற பெயரே நம்மை ஏமாற்றக்கூடும். பவளம் கல்லன்று, அதுவும் உயிர், இரையைக் கொட்டிப் பிடிக்கும் உயிர். கடற்சாமந்தியும், நீண்ட சதைக் கைகளை உடைய பெரும்பவள வகைகளும் ஆற்றலுடன் கொட்டக்கூடியவை. வேகமாக நீந்தும் மீன் தப்பிவிடும். ஊர்ந்து செல்லும் குழல்மீன் அவற்றின் மேல் உரசிக்கொண்டு போகும். அல்லது நீரோட்டத்தில் தள்ளப்பட்டு அவற்றின் மடியில் விழும். கடற்சாமந்தி உள்ள தொட்டியில் குழல்மீன் வைக்கவே கூடாது. கோமாளி மீனுக்கு வீடாக அமையும் அதே பொருள் குழல்மீனுக்குப் பொறி. மென்பவள வகைகளும் கடல்விசிறிகளும் தீங்கற்றவை. கடல்விசிறியின் கிளைகளில் குழல்மீன் இளைப்பாறவும் செய்யும்.

நீர் இழுக்கும் குழாய் வாய்களுக்கு நுண்துளைப் பஞ்சு கட்டுதல் வேண்டும். இது சிறு வேலைதான்; ஆனால் கட்டாமல் விட்டுக் குழாய் வாயில் ஒட்டிச் செத்த குழல்மீன்கள் ஏராளம்.

தீவனமும் ஊட்டும் முறையும்

கடலில் பிடித்த குழல்மீன் அசையாத தீவனத்தைத் தீவனமாகவே மதிக்காது. தொட்டியிலேயே பொரித்து வளர்ந்த குஞ்சுகள் உறைந்த தீவனத்தை ஏற்கப் பழகியிருக்கும். அயல்நாட்டில் வாங்குவோர்க்கும் முதல் அறிவுரை, தொட்டியில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள் என்பதே. விற்பவர் முன்னிலையில் அது உண்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். கறவை மாடு வாங்கும்போது நாம் கறந்து பார்த்து வாங்குவதில்லையா?

எளிதாகக் கிடைக்கும் உயிர்த் தீவனம் ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றுயிர். இது நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படுகிறது. இதன் உறங்கும் முட்டைகள் காய்ந்த தூளாக டப்பாவில் கிடைக்கும். பொரிக்க வைக்கும் முறை எளிது. ஒரு லிட்டர் நீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கரைத்து, 2 கிராம் முட்டை இட்டு, அடியிலிருந்து காற்று ஊதி, வெளிச்சம் படும்படி 28 டிகிரி வெப்பத்தில் வைத்தால் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் அடியில் சேரும். குழாயால் உறிஞ்சி, வலைத்துணியில் வடித்து, நல்ல நீரில் அலசிக் கொடுக்கலாம்.

இதில் பலர் அறியாத செய்தி ஒன்று. பொரித்தவுடன் குஞ்சின் உடலில் மஞ்சள்கரு நிறைந்திருக்கும். குஞ்சு இரை உண்ணாமலே அந்தக் கருவைக் கரைத்து வளரும். ஏறக்குறைய 8 மணி நேரத்தில் தோலுரித்து அடுத்த பருவத்தை அடையும்போது சத்து வெகுவாகக் குறைந்திருக்கும். காலையில் பொரித்ததை மாலையில் இட்டால் மீன் வயிறு நிரம்பும், சத்து சேராது; வைக்கோலை மட்டும் போட்டுப் பால் எதிர்பார்ப்பது போல. எனவே பொரித்த புதிதிலேயே கொடுத்தல் வேண்டும். அல்லது தோலுரித்த பின் நுண்பாசி போன்ற சத்துணவை அவற்றுக்கு ஊட்டிய பிறகு கொடுத்தல் வேண்டும். வளர்ந்த குழல்மீனுக்கு ஆர்ட்டீமியா மட்டும் போதாது. 'மைசிஸ்' என்னும் மிகச் சிறிய இறால் வகையே அதற்கு முக்கிய உணவு. உறைந்த மைசிஸைக் கரைத்து, அலசி, வாயில் நுழையும் அளவில் தேர்ந்து கொடுப்பர்.

நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மூன்று தடவை ஊட்ட வேண்டும். இரைப்பை இல்லை என்று முன்னர் கூறியதை நினைவிற் கொள்க. ஒரே வேளையில் மும்மடங்கு கொட்டுவது மூன்று வேளைக்கு ஈடாகாது. மிஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும்.

கூட்டுத் தொட்டியில் ஊட்டுவதற்கு ஒரு முறையைக் கையாளுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதலில் தொட்டியின் ஒரு மூலையில் வேகமான மீன்களுக்குச் சற்றுப் பெரிய துணுக்குகளை இடுவர். அவை அங்கே கூடி மும்முரமாக இருக்கும்போது நீரோட்ட மோட்டாரை 15 நிமிடம் நிறுத்திவிட்டு, எதிர்மூலையில் வைத்துள்ள சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் நீண்ட குழாய் வழியாகக் குழல்மீனின் தீவனத்தை மெல்ல இறக்குவர். ஓரிரு வாரங்களில் குழல்மீன் அந்த இடத்தையும் வேளையையும் அறிந்துகொண்டு, குழாய் தண்ணீரில் இறங்கியதுமே கிண்ணத்தருகே வந்து காத்து நிற்கும். கன்றுக்குட்டிக்குத் தனி முளைக்குச்சியில் தவிடு காட்டுவது போன்ற ஏற்பாடு. பெரிய மாட்டை விரட்ட வேண்டியதில்லை. அதற்கு வேறு பக்கம் வேலை கொடுத்தாலே போதும்.

இத்தனை தடவை தீவனம் இட்டால் நீர் விரைவில் மாசுபடும் என்பது உண்மையே. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரையாவது மாற்றுதலும், கிண்ணத்தில் மிஞ்சியதை அன்றன்றே உறிஞ்சி எடுத்தலும் அவசியம். சோம்பல் படுவோர்க்கு இம்மீன் ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

மீன்களை விடும் வரிசையும் முக்கியம். குழல்மீனை முதலில் விட்டு, அது இடம் பழகி நன்றாக உண்ணத் தொடங்கி மூன்று நான்கு வாரங்கள் சென்ற பிறகே துணை மீன்களை விடுதல் வேண்டும். களை முந்தினால் பயிர் எழாது. பயிர் முந்தினால் களை அடங்கும். புதிதாக வாங்கிய எந்த மீனையும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனித்த பின்னரே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

பத்து நிமிடக் கணக்கு

வயலில் பூச்சித் தாக்குதலை அளக்க நாங்கள் ஓர் ஏக்கரில் உள்ள எல்லாச் செடிகளையும் பார்ப்பதில்லை. சில இடங்களில் சில செடிகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறோம். மீன் உண்கிறதா என்பதையும் அவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். தீவனம் இட்டபின் தொட்டிமுன் பத்து நிமிடம் உட்கார்ந்து, குழல்மீன் எத்தனை தடவை உறிஞ்சியது, அதில் எத்தனை தடவை இரை வாய்க்குள் போனது என்று கோடு போட்டுக் குறியுங்கள். நாட்குறிப்பில் தொடர்ந்து எழுதி வந்தால் எண்ணிக்கை குறையத் தொடங்கும் நாளிலேயே விழித்துக்கொள்ளலாம். வயிறு குழியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புது மீன் ஒன்றைத் தொட்டியில் விட்ட மறுநாள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால், அந்தப் புது மீன் எவ்வளவு அழகானாலும் அன்றே எடுத்துவிட வேண்டும்.

மீனைப் பக்கவாட்டில் மட்டும் பாராமல் எதிரிலிருந்தும் பார்த்தல் வேண்டும். அடிப்பகுதி உருண்டையாக இருந்தால் நலம். இரு பக்கமும் அமுங்கி நடுவில் கத்திமுனை போல் தெரிந்தால் பட்டினி தொடங்கி நாளாகிறது என்று பொருள்.

கடலோர உழவர்களுக்கு

இராமநாதபுரம், தூத்துக்குடி, புதுக்கோட்டை போன்ற கடலோர மாவட்டங்களில் உழவோடு மீன்பிடிப்பும் செய்யும் குடும்பங்கள் உண்டு. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ள கடற்புல் படுகைகள் கடற்குதிரைக்கும் குழல்மீனுக்கும் வாழிடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டிலிருந்து கடற்குதிரை, குழல்மீன் உள்ளிட்ட இக்குடும்ப மீன்கள் யாவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. இவற்றைப் பிடிப்பதும், உயிருடனோ உலர்த்தியோ வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். இழுவலையில் மற்ற மீன்களோடு இவை அகப்படுவது உண்டு. உயிருடன் இருப்பின் அக்கணமே கடலில் விட்டுவிடுதல் வேண்டும். வண்ண மீன் தொழிலைக் காட்டி எவரேனும் இவற்றை வாங்க முன்வந்தால் இணங்க வேண்டாம். பிடிபட்டால் தண்டனை அடைவது வலை போட்டவரே. வாங்க வந்தவரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

கடல் வண்ண மீன் வளர்ப்பில் ஆர்வம் உள்ளவர்கள் கோமாளி மீன் போன்றவற்றைக் குஞ்சு பொரித்து வளர்ப்பதைப் பற்றி மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்து அறியலாம். அங்கே இம்மீன்களின் குஞ்சு உற்பத்தி முறைகள் ஆராயப்பட்டுள்ளன.

நம் நன்னீர்த் தொட்டிகளில்

குழல்மீனிடம் கற்றதை இனி நம் தொட்டிகளில் பார்ப்போம். தங்கமீன்களில் நீண்ட உடலுள்ள சாதாரண வகைகள் விரைந்து நீந்தும். உருண்டை உடலும் பிதுங்கிய கண்ணும் உள்ள வகைகள் தத்தித் தத்தியே நகரும்; அவற்றுக்குப் பார்வையும் மந்தம். இரண்டும் தங்கமீனே, ஒன்றையொன்று கடிக்காது என்று ஒரே தொட்டியில் விட்டால், அதிக விலை பெறும் பிதுங்கு கண் மீன்தான் மெலியும். அவற்றை வளர்த்தெடுக்கும்போதே தனியாக வைக்க வேண்டும். வாங்குவோரிடமும் தனியாக வைக்கச் சொல்ல வேண்டும்.

புலிக்கெண்டை எனப்படும் 'டைகர் பார்ப்' நீண்ட துடுப்புள்ள மீன்களைக் கொறிக்கும் என்பது பலரும் அறிந்ததே. அது உணவிலும் முந்திக்கொள்ளும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏஞ்சல் மீனோடு அதை விட்டால் துடுப்பும் போகும், தீனியும் போகும். ஏஞ்சல் மீனோடு கப்பிக் குஞ்சுகளை விட்டாலோ, குஞ்சுகளே தீனியாகும். சண்டை மீனை ஆரவாரமான மீன்களோடு விடுவதும் வீண். பரந்த துடுப்பைச் சுமந்துகொண்டு அதனால் போட்டிபோட்டு உண்ண இயலாது. டிஸ்கஸ் மீன் யோசித்து யோசித்து உண்பது. 28 டிகிரிக்கு மேற்பட்ட வெதுவெதுப்பான நீரும் அதற்கு வேண்டும். தங்கமீனுக்குக் குளிர்ந்த நீரே உகந்தது. இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் கேட்பவருக்கு, விற்பனை கெட்டாலும் சரி, கொடுக்காமல் இருப்பதே மேல்.

சிமெண்டுத் தொட்டியில் ஒரே இனக் குஞ்சுகளை வளர்க்கும்போதுகூட இது பொருந்தும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளில் சில முந்தி வளரும். முந்தியவை தீவனத்தை மேலும் முந்தும். பிந்தியவை மேலும் பிந்தும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வலையில் வாரி, பெரியவற்றையும் சிறியவற்றையும் இரு தொட்டிகளாகப் பிரித்துவிட்டால் பிந்தியவற்றில் பெரும்பகுதி தேறிவிடும். தீவனத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் தொட்டியின் மூன்று நான்கு இடங்களில் தூவுதல் வேண்டும். மிதக்கும் தீவனத்தை மட்டும் இடாமல் சிறிதளவு மூழ்கும் தீவனத்தையும் கலந்தால் அடியில் இருப்பவற்றுக்கும் பங்கு போய்ச் சேரும். பிரிக்கும் வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அன்று மாலை வரை தீவனம் இட வேண்டாம்.